ஆறாம் சுற்றில் வீசிய துண்டு

...இன்னும் அரைக்கிலோ எடை இறங்கியாக வேண்டும், அதற்குத்தான் இந்த நட்டநடு மத்தியானத்தில், டேவான் மண்டபத்துக்குப் பின்னால் வெயிலில் நிறுத்தியிருக்கும் ஐயாவு அண்ணனின் பழைய காரில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டு, உடம்பில் கறுப்புக் குப்பைப் பையும் அதன்மேல் இரண்டு சட்டையுமாக வெந்துகொண்டிருக்கிறேன், ஈப்போ வெயில் வேறு தன் பங்குக்கு உதவுகிறது, வியர்வை முதலில் நெற்றியில் வந்தது, இப்போது முட்டிக்குப் பின்னாலும் வழிகிறது, வழியட்டும், எல்லாம் இறங்கட்டும், தராசில் முள் சரியாக நின்றால் போதும், நாளைக்கு எதிர் மூலையில் அவள் நிற்பாள், என் கூடப்பிறந்த அக்கா துளசி, அவள் வளர்த்துவிட்ட ஷர்மினி என் முன்னால் நிற்பாள்... ஷர்மினி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல பிள்ளை, பார்த்தால் சிரிக்கும், என்ன செய்ய, அவள் முகத்தில் விழப்போகிற ஒவ்வொரு குத்தும் அவளுக்குப் பின்னால் நிற்கிறவளுக்காக. நாளைக்கு இந்த ஊரே பார்க்க துளசி தோல்வியை ஒப்புக்கொண்டு தன் கையால் துண்டை வீச வேண்டும், எனக்கு அது போதும்.

ஒரு வருஷம் ஆகிறது, இதே டேவான்தான், போன பொங்கல் முடிந்த வாரம், பட்டத்துக்கான சண்டை, எதிரே தாய்லாந்துக்காரி, என் மூலையில் துளசி. எனக்குக் கை கட்டப் பழக்கியது அவள்தான், விடிகாலையில் என்னை எழுப்பி ஓட வைத்தது அவள்தான், அந்த உரிமையில்தானே செய்தாள்? கண்ணை மூடினால் இப்போதும் அப்படியே தெரிகிறது, ஆறாவது சுற்று, கயிற்றில் சாய்ந்து நிற்கிறேன், நீல பனியன், பின்னல் நுனி கழுத்தில் ஒட்டிக் கிடக்கிறது, தாய்லாந்துக்காரி இரண்டு கையாலும் விளாசுகிறாள், விளாசட்டும், அவளைக் களைக்க வைத்துக்கொண்டிருந்தேன், கை ஓய்ந்ததும் ஒரே ஒரு குத்து, அதற்குத்தான் காத்திருந்தேன், முன்னால் ஒரு தொப்பிக்காரன் எழுந்து நின்று மறைக்கிறான், உட்காரு லா என்று யாரோ கத்துகிறார்கள், அவன் உட்காரவில்லை, அவன் தலைக்கு மேலே வெள்ளையாக ஒன்று பறந்து வந்து விழுகிறது, குட்மார்னிங் துண்டு, சிவப்பு எழுத்துப் போட்டது, அம்மா சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது தலையில் கட்டுவாளே அதே துண்டு, நடுவர் கையை ஆட்டிவிட்டார், முடிந்தது. நான் விழவில்லை, மண்டிகூடப் போடவில்லை, நின்றுகொண்டிருந்தவளை நிற்கும்போதே தோற்க வைத்தாள் என் அக்கா. ஏன் போட்ட என்று கேட்டதற்கு, போதும்டி, என்றாள், அவ்வளவுதான், ஒரு வருஷமாக அவள் எனக்குச் சொன்ன விளக்கம் அந்த ஒரு வார்த்தைதான். என்ன போதும்? யாருக்குப் போதும்? பட்டம் எனக்கு வந்துவிட்டால் தன்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று வயிறெரிந்திருப்பாள், அவள் காலத்தில் அவளுக்குக் கிடைக்காதது அல்லவா.

அந்த வாரமே புந்தோங்கிலிருந்து துணிமணியை அள்ளிக்கொண்டு காம்பாருக்குப் போய்விட்டேன். ஐயாவு அண்ணன் காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார், மாலையில் டயர் கடைக்கு மேல் மாடியில் குத்துச்சண்டை பழக்குவார், போன அன்றே அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன், என் மூலையில் துண்டே இருக்கக் கூடாது. சிரித்தார், "அப்புறம் வேர்வைய எதுல தொடைக்கிறது தங்கச்சி?" என்றார். "ஸ்பான்ஜ்ல தொடைங்கண்ணே. நான் செத்து விழுந்தாலும் துண்டு மட்டும் வரக் கூடாது." அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், சரி என்றார், சொன்னது சொன்னபடி இன்றுவரை காப்பாற்றுகிறார். தினமும் ஓடப் போகும்முன் போனில் அந்தச் சண்டையைப் பார்ப்பேன், சித்தி மகன் சுகுமாரன் பின்வரிசையிலிருந்து எடுத்த வீடியோ, ஆறாவது சுற்றை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவேன், கோபம் ஆறிப்போய்விடக் கூடாது பாருங்கள், சோற்றைச் சூடு பண்ணுகிற மாதிரி அதையும் காலையில் ஒரு தடவை சூடு பண்ணிக்கொள்வேன். ஆயர் தாவாரில் துளசி பழக்கிய சுபாஷினியை அடித்தேன், அப்புறம் காம்பாரில் இன்னொருத்தியை, இரண்டுமே புள்ளிக் கணக்கில்தான், துண்டு துளசியின் தோளிலேயே கிடந்தது, வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை, ஜெயித்த மாதிரியே இல்லை.

சண்டைக்கு முன்னால் கை கட்டும்போது எதிராளியின் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், துணிக்குள் எதையும் வைத்துக் கட்டவில்லை என்று உறுதி செய்ய, அதுதான் வழக்கம், ஆயர் தாவாரில் துளசியே வந்தாள், வேறு ஆளை அனுப்பியிருக்கலாம், வந்தாள். ஐயாவு அண்ணன் கட்டிக்கொண்டிருக்கிறார், இவள் கையைப் பார்க்கவே இல்லை, என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், இந்தக் கண், அப்புறம் அந்தக் கண், என்ன திமிர், முறைத்தால் பயந்துவிடுவேன் என்று நினைத்தாளா? நானும் விடாமல் முறைத்தேன். "தல வலிக்குதாடி அடிக்கடி?" என்றாள். "ஒன்னப் பாத்தாதான் வலிக்குது," என்றேன், ஐயாவு அண்ணன் கட்டுவதை நிறுத்திவிட்டார், அவள் கட்டின்மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அந்தப் பதிலை நினைத்து நினைத்து ஒரு மாதம் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அம்மாவும் அவள் பக்கம்தான். தீபாவளிக்குப் போயிருந்தபோது துளசி கொடுத்துவிட்டுப் போன முறுக்கு டின்னை முன்னால் கொண்டுவந்து வைத்தாள், நான் தொடவில்லை. "அவ மேல கோவிக்காதமா, அன்னிக்குச் சண்ட முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில நீ என்னென்னமோ பேசின, அப்பா ஏன் வரலனு கேட்ட, திரும்பத் திரும்பக் கேட்ட," என்றாள். அப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, நானா கேட்டேன்? மூத்த மகளைக் காப்பாற்ற அம்மா கட்டிய கதை, இப்படியுமா பொய் சொல்வார்கள், செத்துப்போன மனுஷனை இழுத்து, பொறுக்க முடியாமல் சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுந்து வந்துவிட்டேன்.

வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, தலை லேசாகச் சுற்றுகிறது, இந்தச் சமயத்தில்தான் கோபம் தேவை, கோபம் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கலாம், எங்கே, மறுபடி ஓட்டு, ஆறாவது சுற்று, கயிறு, நீல பனியன், கழுத்தில் பின்னல், தொப்பிக்காரன் எழுந்து நிற்கிறான், உட்காரு லா... அவன் முதுகு, சட்டைக் காலரில் வியர்வைக் கறை... அவன் முதுகு எனக்கு எப்படித் தெரிந்தது? நான் மேடை மேலே நிற்கிறேன், அவன் கீழே மேடையைப் பார்த்து நிற்கிறான், எனக்குத் தெரிந்தால் அவன் முகம்தானே தெரிய வேண்டும்? என் கழுத்தில் ஒட்டிய பின்னலை நான் எங்கிருந்து பார்த்தேன்? சரி, இது வீடியோ, தினமும் பார்த்துப் பார்த்து மண்டையில் ஏறிவிட்டது, வீடியோவைத் தள்ளு, என் கண்ணால் பார்த்ததை எடு, தாய்லாந்துக்காரியின் முகம், நேருக்கு நேராக, மூக்குக்கு முன்னால் நின்றாளே... வரவில்லை. கை ஓய்ந்ததும் ஒரு குத்து என்று காத்திருந்தேனே, அந்த நினைப்பு, அதையாவது... அது நான் ஐயாவு அண்ணனிடம் சொன்னது, எல்லோரிடமும் சொன்னது, மேடையில் நினைத்தேனா? ஐந்தாவது சுற்று முடிந்தது தெரிகிறது, முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கழுத்தில் ஐஸ், துளசியின் விரலில் வாஸ்லின் வாசம், என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு கேட்கிறாள், "இது எத்தனாவது ரவுண்டு, சொல்லு." நான் என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன்? அவள் முகம் மாறியது தெரிகிறது, நான் சொன்னது மட்டும் கேட்கவில்லை, அதற்கு அப்புறம் என் கண்ணால் பார்த்தது என்று தேடினால் காரின் ஜன்னலும் என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் வளையலும்தான், நடுவில் ஒன்றுமே இல்லை, போதும்டி என்று அவள் சொன்னதுகூட யாரோ எனக்குச் சொன்னதோ...

இல்லை, இது தாகம், வெறும் வயிறு, வெயில், தண்ணீர் குடித்தால் எல்லாம் ஞாபகத்துக்கு வரும், வராமல் எங்கே போகும்? ஐயாவு அண்ணன் கண்ணாடியைத் தட்டினார், கதவைத் திறந்தார், வெளிக்காற்று பட்டு உடம்பு நடுங்கியது. "வா தங்கச்சி, தீம்பாங்ல எட போட ஆரம்பிச்சிட்டாங்க, ஒடம்பத் தொடச்சிட்டு ஏறு, வேர்வையும் எடதான்." இறங்கி நின்றேன், கண்ணில் உப்பு இறங்கி எரிகிறது, எதுவும் தெரியவில்லை. "துண்டு குடுங்கண்ணே," என்றேன். அவர் பையைக் கிளறினார், பிறகு நிமிர்ந்து, "நீதானமா வேணாம்ன, எடுத்துட்டு வரல," என்று ஸ்பான்ஜை நீட்டினார். அதை வாங்காமல் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், எதிரே வாசல் படியில் ஷர்மினி குனிந்து கால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் துளசி, தோளில் அந்த வெள்ளைத் துண்டு, அவள் ஷர்மினியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தக் கண், அப்புறம் அந்தக் கண். நானும் வழக்கம்போல முறைக்கப் பார்த்தேன். நாளைக்கு ஷர்மினிக்கு அந்தத் துண்டு இருக்கிறது, எனக்கு இல்லை, வேண்டாமென்று சொன்னதும் நான்தான், ஐயாவு அண்ணன் சொன்ன சொல் தவறாதவர்.