பதிலுக்குத் தட்டாதீர்கள்

தொலைக்காட்சியில் வரும் மர்மத் தொடர் ஒன்றுக்கு ஒலி சேர்ப்பதுதான் தங்கையின் வேலை. பாழடைந்த பங்களா, காணாமல்போன ஆள், வானத்தில் தெரிந்த வெளிச்சம் என்று வாரம் ஒரு கதை, வெள்ளிக்கிழமை தோறும். படப்பிடிப்பிலிருந்து வரும் பதிவில் பெரும்பாலும் காற்றின் இரைச்சலும் படக்குழுவினரின் இருமலும்தான் இருக்கும். அவற்றைத் துடைத்துவிட்டு, தூரத்தில் ஒரு கதவு கிறீச்சிடுவதையும் யாரோ மூச்சு விடுவதையும் இவள் வைப்பாள். பேய் பிசாசில் அவளுக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. சமையலறையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் அந்த ஹோட்டலில் சாப்பிட மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி.

அவள் அக்கா அப்படியில்லை. ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பாள்.

அந்த வாரக் கதை, சுவருக்குள்ளிருந்து கேட்கும் தட்டலைப் பற்றியது. தட்டுவது உயிருள்ள யாரும் இல்லை, பதிலுக்குத் தட்டினால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஒரு நிபுணர் சொன்னார். "என்ன நடந்தாலும் பதிலுக்குத் தட்டாதீர்கள்" என்று வர்ணனை முடிந்தது. தட்டல் சத்தம், ஸ்டூடியோ மேசையில் தங்கை தன் விரல் முட்டியால் தட்டிப் பதிவு செய்தது. வர்ணனைக்கு எதிரொலி சேர்த்ததும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள்.

"சுவத்துல தட்டுதுடி. நேத்து சாயங்காலத்துலேருந்து."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, அது நான் மேசையில தட்டினது. என் விரல்."

"டிவியில வந்தது உன் விரலா இருக்கட்டும். என் வீட்டுச் சுவத்துல தட்டறது யாரு?"

"தண்ணிக் குழாயா இருக்கும்."

"குழாய் மூணு மூணாவா தட்டும்?"

"அப்ப நீயும் தட்டிப் பாரு. பதில் வருதான்னு தெரிஞ்சுடும்."

"விளையாடாதே. இங்க நானும் பாப்பாவும் மட்டும்தான் இருக்கோம். அவர் வேலையா வெளியூர் போயிருக்கார், தெரியும்ல."

மதியம் அக்கா அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். தங்கை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்கலாம் என்று விட்டவள், அப்படியே மறந்துபோனாள். மாலையில், பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போவதாக அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது. 'ரொம்பத்தான்' என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில்தான், அடுத்த நிகழ்ச்சிக்கு உதவுமோ என்ற எண்ணத்தில் அதை ஹெட்போனில் போட்டாள்.

குழாய் இல்லை என்பது பத்து நொடியிலேயே தெரிந்தது. குழாய் அதிர்ந்தால் சத்தம் சுவர் நெடுக ஓடும். இது ஒரே இடத்தில், தாழ்வாக, ஏதோ உலோகம் தரையோட்டில் படுவதுபோல இருந்தது. முதல் தட்டு பலமாக, இரண்டாவது குறைந்து, மூன்றாவது கேட்கிறதோ இல்லையோ என்று வந்தது. கை சோர்ந்த ஆள் தட்டுகிற மாதிரி. நடுவில் அக்காவின் குரல் நடுங்கியது: "போயிடு. எங்களை விட்டுடு."

தட்டல் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக, எண்ணிக்கையில்லாமல் வந்தது.

அந்தப் பக்கம் இருப்பதற்கு அக்கா பேசியது காதில் விழுந்திருக்கிறது. மின்விசிறியின் இரைச்சலை வடிகட்டி மறுபடி கேட்டாள். அப்போதுதான், என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது உறைத்தது. அக்கா எப்போது போன் செய்தாலும் பின்னால் ஒரு தையல் மெஷின் ஓடும். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் தையல்காரம்மாவுடையது. இதில் அது இல்லவே இல்லை.

உடனே அக்காவைக் கூப்பிட்டாள். "பக்கத்து வீட்டு அம்மாவை எப்பப் பார்த்தே?"

"வெள்ளிக்கிழமை. ஏன்?"

"அப்புறம் மெஷின் சத்தம் கேட்டியா?"

"இல்லையேடி... ஐயோ, அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் அவங்க வீடுதான்."

வாடகைக் காரில் அரை மணி நேரம். ஒவ்வொரு சிக்னலிலும் நேற்று மதியத்திலிருந்து எத்தனை மணி நேரம் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டேயிருந்தது. போய்த் தையல்காரம்மாவின் கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள், காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஓர் அசைவும் இல்லை.

"ஊருக்குப் போயிருப்பாங்கம்மா" என்றார் அடுக்குமாடிக் காவலாளி.

"வெளியில பூட்டு இல்ல பாருங்க, உள்தாழ்ப்பாள் போட்டிருக்கு. கதவை உடைங்க."

"உடைச்சுட்டு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். உடைங்க."

கடப்பாரையை எடுத்துவர அவர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

தையல்காரம்மா குளியலறையில், அக்கா வீட்டுச் சுவரை ஒட்டிக் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கையெட்டும் தூரத்தில் குழாய் இருந்ததால் தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறார். கையில் நசுங்கிய குவளை. கண் திறந்திருந்தது. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டோம்மா" என்றபோது உதடு மட்டும் அசைந்தது.

பிழைத்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை முடிந்த நான்காம் நாள் பேச முடிந்தது. அக்கா கட்டிலின் கால்மாட்டில், கிட்டே வரப் பயந்தவள்போல நின்றாள்.

"நீ போயிடுன்னு சொன்னது கேட்டுச்சு" என்றார் அவர். "என்மேல என்ன கோபம்னு யோசிச்சுக்கிட்டே கிடந்தேன். நீ பதிலுக்கு ஒரு தட்டு தட்டியிருந்தாக்கூடப் போதும், ஆள் இருக்குன்னு தெம்பா இருந்திருக்கும்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அவளாவது பயந்தா" என்றாள் தங்கை. "நான் அதை ஒரு நாள் முழுக்க வச்சிருந்தும் கேக்கலை. எல்லாம் தெரிஞ்சவளாட்டம் இருந்துட்டேன்."

விஷயம் அலுவலகத்துக்கும் எட்டியது. தயாரிப்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "நம்ம நிகழ்ச்சி வந்த மறுநாளே தட்டல். இதைவிட என்ன வேணும்? உங்க அக்காவை உக்கார வச்சுப் பேச விடுவோம். அந்தப் பதிவு இருக்குல்ல?"

"இருக்கு. தர மாட்டேன்."

"ஒரு உயிரைக் காப்பாத்தின கதைம்மா."

"காப்பாத்த லேட்டான கதை சார். அந்த வர்ணனை வரி இல்லேன்னா அக்கா அன்னிக்கே போய்ப் பார்த்திருப்பா. அதை யார் எழுதினதுன்னும் சொல்லலாம்னா தரேன்."

அவர் எழுந்து போய்விட்டார். மறுவாரம் அவள் செய்திப் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள், சம்பளம் குறைவு என்று தெரிந்தும். கிடைக்க இரண்டு மாதமாயிற்று. அதுவரை எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில், பின்னணியில் யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் துடைக்க ஆரம்பிப்பாள். இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. திட்டு வாங்கினாள்.

தயாரிப்பாளர் கேட்டதைத் தையல்காரம்மாவிடம் சொன்னபோது அவர், "என்னைப் பேயாக் காட்டுவாங்களா, மனுஷியாவா?" என்று கேட்டுவிட்டு வலியோடு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கஞ்சியை ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தாள்.