படிக்கு ஒரு வசனம்

தனித்தனியே நாடகம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட மூன்று ஊர் நாடக மன்றங்கள் ஒருவழியாகக் கைகோத்தன. ஒரே நாடகம், ஒரே செட், மூன்று ஊரிலும் மேடையேற்றம். செட் வேலைக்குப் பொறுப்பான தச்சர் மேடை அளவு கேட்டு எழுதினார். கௌரவம் யாரை விட்டது? ஒவ்வொரு மன்றமும் தன் மேடைத் தரையிலிருந்து மேல்திரை வரையுள்ள உயரத்தை இரண்டு மூன்று அடி கூட்டியே எழுதி அனுப்பியது. அப்பாவி மனுஷன் அப்படியே நம்பி, ஒன்பது படி வைத்து மாடிப்படி செய்துவிட்டார்.

அதில் இறங்கப்போவது அவர் மனைவி. இருபது வருஷமாக மன்றத்து நடிகர்களுக்கு உடை தைத்துக் கொடுத்தவளுக்கு இப்போதுதான் வாய் திறந்து பேச ஒரு வேடம். கோபக்கார அண்ணி. படிக்கு ஒரு வசனமாக ஒன்பது வசனம் பேசி இறங்கி, கொழுந்தனை வீட்டைவிட்டு விரட்ட வேண்டும். பாத்திரம் கழுவும்போதும் அவள் வாயில் அந்த ஒன்பதுதான். கேட்டுக் கேட்டுத் தச்சருக்கே மனப்பாடம்.

முதல் ஊரில் உச்சிப்படியில் நின்றவளின் முகத்தை மேல்திரை மறைத்தது.

"ரெண்டு படிய அறுத்துடுங்க" என்றார் இயக்குநர்.

"அப்ப வசனம்?" என்றார் தச்சர்.

"படி இல்லாத வசனத்த அந்தரத்துல நின்னா பேசுவாங்க?"

தச்சர் அறுத்தார். அன்றோடு மனைவி அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அடுத்த ஊர் மேடை இன்னும் குள்ளம், இரண்டு போயிற்று. மூன்றாவது ஊரில் மேலும் இரண்டு. பெண்டாட்டி தட்டிலிருந்து சோற்றைப் பிடுங்கியது போலத் தச்சருக்கு மனசு அடித்துக்கொண்டது.

அன்று மாலை நாடகத்தில் அவள் மூன்று படி இறங்கி, மிச்சமிருந்த மூன்று வசனத்தையும் பேசினாள். கொழுந்தன் தலையைத் தொங்கப்போட்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

"நில்லுடா!"

அவள் திரும்பி விறுவிறுவென்று மேலே ஏறினாள். ஏறும்போது மூன்று வசனம். அங்கிருந்து இடுப்பில் கைவைத்து இறங்கினாள், இன்னும் மூன்று. படிக்கு ஒன்றுதான், கணக்குத் தப்பவில்லை. கோபத்தில் ஏறி இறங்கும் அண்ணியைப் பார்த்து அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. கொழுந்தன் நிஜமாகவே ஓடினான். தலையில் கைவைத்திருந்த இயக்குநர் கைதட்டல் கேட்டதும் கையை இறக்கிக்கொண்டார்.

பக்கத்திரைக்குப் பின்னால் தச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மூச்சு வாங்க வந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"ஒம்போதும் வந்துச்சா?"

"ஒண்ணு விடாம வந்துச்சு."

"அப்ப ஒரு நாற்காலி போடுங்க. முழங்கால் போச்சு."