கைராசிக்காரர்

தாவரவியல் தோட்டத்தின் அந்தக் கண்ணாடி வீட்டுக்கு இரண்டு கதவுகள். உள்கதவைச் சாத்தினால்தான் வெளிக்கதவு திறக்கும். செடித் திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. திருடன் ஒருத்தனும் மாட்டவில்லை, மாட்டிக்கொண்டவர் தோட்டக்காரர்தான்.

உள்ளே இருப்பது ஒரு சைக்காட் செடி. பார்த்தால் குட்டைப் பனை மாதிரி இருக்கும். பனைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. காட்டில் அந்த இனம் பூண்டோடு போய்விட்டது. காய்க்கும் வயதில் மிஞ்சிய ஒரே பெண் செடி இது. ஆண் செடி வேறொரு தோட்டத்தில். அதன் மகரந்தம் ஐஸ் பெட்டியில் ஒரு சின்னக் குப்பியாக வந்து சேரும். பெண் செடி கூம்பு விடுவதே சில வருடங்களுக்கு ஒருமுறை. அதன் செதில்கள் இடைவெளி விட்டுத் திறந்திருப்பது நாலே நாள். அதற்குள் மகரந்தத்தை ஊதிவிட வேண்டும்.

பதினோரு வருடம் முன்பு நிபுணர்கள் ஊதி ஊதி ஓய்ந்தபோது, தற்காலிகத் தோட்டக்காரரான இவர் ஊதினார். ஏழு விதை பிடித்தது. எல்லோரும் கைராசி என்றார்கள். மனிதர் சும்மா இருந்தாரா? "என் கை பட்டா பட்ட மரமும் துளிர்க்கும்" என்று வாயை விட்டார். வேலை நிரந்தரமானது, பெயரே கைராசி என்றானது. அன்றோடு சரி. இடமாற்றம் கேட்டு அவர் எழுதிய மனு ஒன்றுகூட மேசையைத் தாண்டவில்லை. நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி ஒரு பகல் ஒரு இரவு ரயில் தூரத்தில் இருந்தாள். "எப்பப்பா வர்றே?" என்று நச்சரித்த மகள், பத்தாம் வகுப்புக்கு வந்ததும் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்று பட்டம் வாங்கிய இயக்குநரம்மா சொல்வார்: "எனக்கு ராசியிலெல்லாம் நம்பிக்கை இல்லைங்க. ஆனா இதுல மட்டும் விஷப்பரீட்சை வேண்டாம்."

இந்த வருடம் மறுபடி கூம்பு திறந்தது. குப்பியை வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டால் தன்னை விட்டுவிடுவார்களே என்று ஒரு கணம் தோன்றியது. அடப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட செடி. பிறகுதான் கண்ணாடி துடைக்கும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, இந்த ரப்பர் பம்பைப் பிடி. ஒவ்வொரு இடுக்குலயும் ஒரு அமுக்கு."

"நானாண்ணே? ஏதாவது ஆயிடப் போகுது!"

"ஒண்ணும் ஆகாது. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

நாலு நாளும் அவர் கை பேண்ட் பையை விட்டு வெளியே வரவில்லை. அவள் ஊதிக்கொண்டே கதை பேசினாள். வருடக் கடைசியில் வேலையை விட்டுவிடுவாளாம். படுக்கையில் கிடக்கும் அம்மாவோடு ஊரில் போய் இருப்பாளாம். அவர் 'ம்' கொட்டினார்.

மாதங்கள் கழித்து விதைகளைத் தண்ணீரில் போட்டார்கள். சொத்தை மிதக்கும், நல்லது மூழ்கும். இருபத்து மூன்று மூழ்கின. கைராசிக்கு நிலைகொள்ளவில்லை, இயக்குநரம்மா அறைக்கு ஓடினார்.

"நான் தொடவே இல்லைங்கம்மா! எல்லாம் அந்தப் பொண்ணு கைதான்."

"இருபத்து மூணா?" இயக்குநரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க."

ஒரே வாரத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன: அவர் கேட்ட இடமாற்றம் ஒன்று, அவள் பெயருக்கு ஒன்று.

கடைசி நாள் சாவியை ஒப்படைக்கப் போனார். அவள் செடியருகே காகிதத்தோடு நின்றிருந்தாள்.

"நிரந்தரம்னு போட்டிருக்காங்கண்ணே. வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. அம்மா வைத்தியத்துக்கு இந்தச் சம்பளம் வேணும். ஆனா அம்மா ஊர்லதானே இருக்கா."

அவர் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினார்.

"தெரிஞ்சேதானே என் கையில குடுத்தீங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. "ஸ்டேஷனுக்கு நானே வர்றேன்பா" என்று மகள் சொல்லியிருந்தாள்.

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, இரண்டு கதவுகளுக்கும் நடுவே வந்து நின்றார். அவசரத்தில் வெளிக்கதவை இழுத்தார், அது அசையவில்லை. பிறகு திரும்பி, அவள் முகத்தைப் பார்க்காமல், உள்கதவைச் சாத்தினார்.