இடது பக்கம் ஓர் ஆள் இடம்

மூஸ் வேட்டை அனுமதிக் குலுக்கலில் பெயர் விழுவதற்கு அமெரிக்காவில் எங்கள் வட மெய்னில் கொடுத்து வைத்திருக்க வேண்டும். குதிரையைவிட உயரமான அந்த மானுக்காக என் வீட்டுக்காரர் ஆயுசு முழுக்கச் சீட்டுப் போட்டார், விழாமலேயே போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊர்ப் பையன் கோல்பிக்கு மீசை சரியாக முளைப்பதற்குள் விழுந்துவிட்டது. வேட்டைக்கு ஒதுக்கிய வாரம்தான் வினை. அவனும் ஜோலீனும் நிச்சயதார்த்தப் படம் எடுக்க என் போட்டோக் கடையில் நாள் குறித்திருந்ததும் அதே அக்டோபர் வாரம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வேட்டை கிடையாது. அன்றைக்குத் தள்ளியிருக்கலாம். ஆனால் சனி இரவே காற்றும் மழையும் வரும் என்றார்கள். அதற்குப் பிறகு மரத்தில் இலை நிற்காது. "சனிக்கிழமை மூணு மணிக்கு வந்துடுவேன், சத்தியமா," என்று சொல்லிவிட்டு, அப்பாவோடும் அண்ணன்களோடும் கோல்பி காட்டுக்குப் போனான்.

மூன்று மணிக்குக் காட்டோரப் பாதைக்கு வந்தது ஜோலீன் மட்டும்தான். கடுகு நிறக் கம்பளி கவுன், அதன்மேல், மான் என்று யாரும் சுட்டுவிடாமல் இருக்க, ஆரஞ்சு நிற வேட்டை அங்கி. துப்பாக்கி வாரத்தில் அது இல்லாமல் காட்டில் நடப்பவன் வெளியூர்க்காரன்.

"ஒரே ஒரு படம் போதும் மோனிக். நாங்க ரெண்டு பேர் மட்டும். அவங்க வீட்டுச் சுவத்துல எந்தப் படத்தைப் பார்த்தாலும் அப்பா, அண்ணனுங்க, நாய்னு ஒரு கூட்டமே நிக்குது."

"நாய் வந்தா கார்ல போட்டுப் பூட்டிடறேன். அண்ணனுங்களையும் சேர்த்து," என்றேன். சிரித்தாள்.

வெளிச்சம் பார்ப்பதற்காக அவளை மஞ்சள் பிர்ச் மரத்தடியில் நிறுத்தினேன். "அங்கியைக் கழட்டு. இடது பக்கம் கோல்பிக்கு இடம் விட்டு நில்லு. அவன் மூஞ்சி இருக்கிற உயரத்தைப் பாரு."

காலி இடத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுத்தேன். என் கட்டிலிலும் இடது பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது.

நான்கு மணி ஆயிற்று. அங்கே போன் எடுக்காது. குளிருக்கு அவள் அங்கியைப் போடுவாள், சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் கழட்டுவாள். "சொன்னா வந்துடுவான்," என்றாள். பிறகு, "மூஸ் கிடைச்சிருக்கும். அதை இழுத்துட்டு வர நேரமாகும்ல," என்றாள். அதற்கும் பிறகு வண்டிச் சத்தம் கேட்டும் அங்கியைக் கழட்டவில்லை. காத்திருந்தவன் பெண்டாட்டியை நேற்று வந்தவன் கொண்டு போனான் என்பார்கள். இவளுடைய மாப்பிள்ளையை ஒரு மூஸ் கொண்டு போயிருந்தது.

சாயும் வெயில் மரத்தின் உச்சியில் மட்டும் மிஞ்சிய பிறகு வண்டி வந்தது. பின்னால் கால்களை நீட்டிக்கொண்டு மூஸ். சட்டைக் கையெல்லாம் ரத்தத்தோடு கோல்பி குதித்து இறங்கினான்.

"ஜோ, இங்க வந்து பாரு. காலையிலயே அடிச்சுட்டேன்."

"காலையிலயா?"

"மத்தியானமே பதிவு பண்ற இடத்துல எடை போட்டாச்சு. ஊரே கூடிடுச்சு. ஆளாளுக்குக் கதை கேக்கறாங்க, எப்படி விட்டுட்டு வர்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வெளிச்சம் போயிட்டே இருக்கு. கையைத் துடைச்சிட்டு மரத்தடிக்கு வா," என்றேன்.

"முதல்ல மூஸோட ஒண்ணு எடுத்துடுங்களேன்," என்றார் அவன் அப்பா, வண்டியிலிருந்தபடியே.

"முதல்ல இவங்க ரெண்டு பேர்," என்றேன் நான்.

ஜோலீன் என் கையைத் தொட்டாள். "மூஸோடயே எடுங்க மோனிக். பாருங்க, அவன் எவ்வளவு குஷியா இருக்கான்."

எடுத்தேன். அப்பா, அண்ணன்கள், கொம்பைப் பிடித்தபடி கோல்பி, ஓரத்தில் அவள். அடுத்த படத்துக்கு வெளிச்சம் இல்லை. இரவு சொன்னபடி மழை பெய்தது.

கல்யாணத் தேதியை ஊருக்குச் சொல்லும் அட்டைக்கு அந்தப் படத்தைத்தான் அவன் அம்மா தேர்ந்தெடுத்தாள். இன்று ஊரில் எல்லா வீட்டு ஃப்ரிட்ஜிலும் அது ஒட்டியிருக்கிறது. மாப்பிள்ளை முகத்தில் என்ன சந்தோஷம் என்கிறார்கள். பொய்யில்லை.

அட்டைகளை வாங்க ஜோலீன் என் கடைக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் மற்ற படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் பிர்ச் மரத்தடிப் படத்தில் நின்றாள்.

"இதை எனக்கு மட்டும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"அது வெளிச்சம் பார்க்க எடுத்தது கண்ணு. அவன் இல்லையே இதுல."

"இல்லதான்," என்றாள். "ஆனா நான் எப்படிச் சிரிக்கிறேன் பாருங்க."