பத்தொன்பது நாள் சுற்று

மனைவி இறந்த நாற்பத்து மூன்றாம் நாள், மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டின் கூடத்தில் ஒரு கடல் நீரோட்டம் தொடங்கியது. ஆழம் கணுக்கால் அளவு. தண்ணீர் உப்புக் கரித்தது. வீட்டுக்காரன் நீரோட்ட ஆய்வு அலுவலகத்தில் பணிபுரிந்தான். எண் எழுதிய புட்டிகளைக் கடலில் விட்டு, எந்தக் கரையில் எத்தனை நாளில் ஒதுங்குகின்றன என்று குறிப்பது வேலை. எனவே ஆச்சரியப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது. செருப்புகள் எல்லாம் நனைந்துவிட்டன.

சமையலறை அடுப்பில் பகலெல்லாம் வெந்நீர் கொதித்தது, அணைக்க மறப்பான். படுக்கையறையில் ஏசி பதினெட்டில் ஓடியது. அவள் வைத்த எண், மாற்றத் தோன்றவில்லை. அடுப்புச் சூட்டில் காற்று மேலே ஏறி, கூரையோரமாகப் படுக்கையறைக்குப் போய், குளிர்ந்து இறங்கி, தரையோடு திரும்பி வந்தது. பூமி சுழல்வதால் வழியில் வலப்பக்கம் ஒதுங்கியது. அந்தக் காற்று தண்ணீரைத் தள்ள, சுவர்கள் அதைத் திருப்பிவிட, கூடம் முழுக்க ஒரே வட்டமாயிற்று. வட்டத்தின் நடுவில் குப்பை சேர்ந்தது: மருந்து அட்டைகள், ஒற்றைக் காலுறை, பேனா மூடி. ஓரத்தில் அவளுடைய பச்சைத் தலைமுடிக் கிளிப் சுற்றியது. ஒரு முடி அதில் சிக்கியிருந்தது. சோபாவுக்கு அடியில் நுழைந்தால் பத்தொன்பதாம் நாள் சமையலறை வாசலில் வரும். அவன் எடுக்கவில்லை. ஓட்டத்தில் இருக்கும் புட்டியைத் தொடக்கூடாது என்பது அலுவலக வழக்கம். அது வந்த நாளை மட்டும் குறித்தான்.

பிளம்பர்கள் மூன்று பேர் வந்தார்கள். மூன்றாமவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “சார், இது குழாய்த் தண்ணி இல்ல. நான் குழாய்க்குத்தான் பொறுப்பு” என்று படியிறங்கிவிட்டார். கீழ்வீட்டம்மாவின் கூரையில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஒழுகாததே சந்தேகமாக இருக்கிறது என்று நான்கு கடிதம் எழுதினார்.

பிறகு அக்கா வந்தாள், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போக. உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து, படுக்கையறையை எட்டிப் பார்த்தாள்.

“ஆள் இல்லாத ரூம்ல யாருக்குடா இந்தக் குளிரு?”

ஏசியை அணைத்தாள். மறுநாள் காற்று நின்றது. தண்ணீர் தேங்கியது, கொசு வந்தது. கிளிப் அப்போது சோபாவுக்கு அடியில் போயிருந்தது. பத்தொன்பதாம் நாள் வரவில்லை. இருபத்து மூன்றாம் நாளும் வரவில்லை. சோபாவைத் தூக்கிப் பார்த்தான், வெறும் தண்ணீர். டேபிள் ஃபேனை வைத்து ஊதவிட்டான். காற்று வர ஒரு காரணம் வேண்டும் என்பது, அதைப் படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு மறந்துபோயிருந்தது. தண்ணீர் அலம்பியதே தவிர ஓடவில்லை.

“என்னடா தேடுற? உசிரை வாங்காம சொல்லு.”

“அவ கிளிப் வரலக்கா.”

“எந்தக் கிளிப்பு?”

“பச்சை. ஒரு முடி இருக்கும்.”

அக்கா படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

“ஆபீஸ்ல என்னத்தடா கிழிக்கிற? ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் இருந்தாத்தானே காத்து? சுவத்துல நீயே மாட்டின காத்தோட்டப் படத்துல போட்டிருக்கு. எனக்கே புரியுது. ஃபேன் வைக்கிறானாம் ஃபேனு!”

போய் ஏசியைப் போட்டாள். பதினெட்டு.

ஆறு நாளில் தண்ணீர் நகர்ந்தது. கிளிப் பழைய கணக்குக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

ஒரு வாரம் என்று வந்த அக்கா ஏழு ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறாள். திட்டுவதை ஒரு நாளும் விட்டதில்லை. போன வியாழக்கிழமை சமையலறை வாசலில் நின்று, கீழ்வீட்டம்மாவின் அறுபத்தோராவது கடிதத்தைச் சத்தமாகப் படித்து, வரிக்கு வரி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமல் இடது காலைத் தூக்கினாள். கிளிப் அடியில் போயிற்று. காலை இறக்கினாள்.

“குறிச்சுக்கோ” என்றாள்.

அவன் குறித்துக்கொண்டான்.