கிளைவ் தெருவில் குறட்டை விட்ட மெத்தை

கிளைவ் தெருவில் ஒரு மெத்தை குறட்டை விட்டது. அது மூச்சை உள்ளே இழுத்தால் ஜாலான் புசாரில் போகிற பஸ்கள் கொஞ்சம் பின்னுக்கு வரும். வெளியே விட்டால்தான் ஸ்டாப்புக்குப் போய்ச் சேரும். நம்பாதவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருடம் பஸ்கள் தாமதமாக வந்தது சிங்கப்பூருக்கே தெரியும்.

ஐம்பத்துநான்காம் வருடக் கடைசியில் கால்வாய் கரை மீறி வீடுகளுக்குள் இடுப்பளவு நின்றுவிட்டுப் போனது. தண்ணீர் போன பிறகு பூசணம் வந்தது. சுவரில், பாயில், பெட்டிக்குள் மடித்து வைத்த கல்யாணப் புடவையில், பச்சையாகவும் சாம்பலாகவும் படர்ந்தது. செருப்புகளுக்குத் தாடி முளைத்து, முடிதிருத்தும் காதர் மைதீன் அவற்றுக்குச் சவரம் செய்து அனுப்பினார். மறுநாளே மீசையோடு திரும்பி வந்தன. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று தீர்ப்புச் சொல்ல மாடியில் குடியிருந்த இராஜசிங்கம் இறங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணால் கண்டதையும் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். வீடு வீடாகப் போய் மோந்து பார்த்தார். "மரம் எண்டால் மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கோ. பித்தளை எண்டால் புளி. துணி எண்டால் அவியுங்கோ. பஞ்சு எண்டால் யோசிக்க வேண்டாம், நெருப்பு." பொங்கல் நெருங்கிவிட்டதால் நெருப்புக்குத் தனியாக நாள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. போகியன்று தெருமுனையில் குவித்துக் கொளுத்துவதென்று முடிவானது.

கீழ்வீட்டுச் சந்திரமதியின் இலவம்பஞ்சு மெத்தைதான் தகராறு செய்தது. அவள் புருஷன் மருதப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். வெள்ளத்துக்கு முந்தைய வருடம் காய்ச்சலில் போய்விட்டான். அவன் படுத்துப் படுத்து அழுந்திய பள்ளத்தில் பூசணம் முதலில் தோளாகப் படர்ந்தது, பிறகு முதுகாக, பிறகு மடக்கிய முழங்காலாக. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் அதே பழக்கம். காதுமுடிகூட வந்துவிட்டது. உருவம் முழுமையான அன்று குறட்டை தொடங்கியது. சந்திரமதி பயப்படவில்லை. பக்கத்தில் பாயை விரித்து, அவன் போன பிறகு முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாள். தெருவே வந்து பார்த்தது. ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி ஒரு குடும்பம் சோறு கட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்டு, கேட்டுவிட்டுப் போனது. இராஜசிங்கம் மட்டும், "பஞ்சுக்குள்ள ஈரம் காயேக்குள்ள இப்பிடித்தான் சத்தம் வரும்" என்றார்.

ஆனால் சந்திரமதியின் சின்ன மகள் தங்கத்துக்கு இழுப்பு வந்துவிட்டது. தகப்பன் குறட்டை ஏற ஏறப் பிள்ளைக்கு மூச்சுக் குறைந்தது. சந்திரமதி சாம்பிராணி போட்டாள். மெத்தையை வெயிலில் கிடத்தினாள். மருதப்பன் கறுத்தானே தவிரக் காயவில்லை. போகிக்கு முதல் நாள் தங்கத்தின் உதடு நீலமாகிவிட்டது.

"இதை இன்னும் வைச்சிருந்தால் சின்னவள் தப்பமாட்டாள்" என்றார் இராஜசிங்கம்.

"இதைன்னு சொல்லாதீங்க ஐயா. அவரைன்னு சொல்லுங்க."

"பஞ்சுதானே, பிள்ளை."

"ஒங்களுக்குப் பஞ்சு."

விடிந்ததும் அவள் மெத்தையின் காதில் குனிந்து, தங்கத்துக்கு மூச்சு முட்டுதுங்க, எந்திரிங்க என்றாள். பதில் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. வெளியே பிள்ளைகள் பிஸ்கட் டின்களைத் தட்டிய தட்டில் குறட்டையே கேட்கவில்லை. கப்பல் நங்கூரம் போலக் கனத்த மெத்தையை ஆண்கள் தூக்க, தலைமாட்டை இராஜசிங்கம் பிடித்தார். கொள்ளியைச் சந்திரமதியே வைத்தாள். புகை ஜாலான் புசார் வரை போய், அங்கே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் கொட்டாவி வந்தது. மத்தியானம் தங்கம் முழு மூச்சு இழுத்துத் தோசை கேட்டாள்.

அன்று மாலை சந்திரமதி மாடிக்குப் போனாள். "தலைமாடு ஒங்க கையில இருந்துச்சு. அவர் எந்திரிச்சாரா ஐயா?"

"மெத்தை எப்பிடி எழும்பும்?"

அதோடு அவள் எந்த மெத்தையிலும் படுப்பதை விட்டாள். தூங்குகிற மனுஷனைத் தூக்கத்திலேயே கொளுத்திவிட்டோம் என்று மனதில் விழுந்துவிட்டது. ஒவ்வொரு போகிக்கும் மாடிக்குப் போய் அதையே கேட்டாள். அவரும் அதையே சொன்னார். சுயாட்சி வந்தது, மலேசியா வந்தது, மலேசியா போனது, அந்தப் பதில் மாறவில்லை. தங்கம் வளர்ந்து நர்ஸ் வேலைக்குப் போனாள். அறுபத்தேழில் தோ பாயோவில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்தது.

சாமான்களை லாரியில் ஏற்றும் காலையில் இராஜசிங்கம் தடியை ஊன்றி இறங்கி வந்தார். கண் மங்கிவிட்டது, அவள் வழக்கமான கேள்வியைக் கேட்பதற்கு முன்பே வெறுங்கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை, வாசல்படி தாண்டேக்குள்ள பாரம் குறைஞ்சது. அவர் என்ர தோளில கை வைச்சு இறங்கினவர். நெருப்பில போனது வெறும் பஞ்சு."

சந்திரமதி கையிலிருந்த பாயைக் கீழே வைத்தாள். "இதச் சொல்ல இத்தனை வருஷமாய்யா?"

"இன்ஸ்பெக்டர் எல்லோ நான். காணேல்லை எண்டு எனக்கே சொல்லிக்கொண்டு இருந்திட்டன்."

"கோவமாப் போனாரா?"

"இல்லை. சின்னவளை ஒருக்கால் எட்டிப் பார்த்தவர். பிறகு நேரம் போச்சு எண்ட மாதிரித் துறைமுகப் பக்கம் விறுவிறு எண்டு நடந்தவர். நான் கண்டனான்."

"அன்னிக்கு அவருக்குக் காலை ஷிப்டு" என்றாள் சந்திரமதி.