நிற்காத தாழ்ப்பாள்

அந்த ஹோட்டலில் ஜன்னலோர மேசை என்றால் சர்வர் பெண்களுக்குச் சிம்ம சொப்பனம். மதியக் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து அங்கே ஒரு பெரியவர் வந்து உட்காருவார். மருந்துக் கடை முதலாளியாக இருந்து ஓய்ந்தவர். பெண்கள் அவருக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. விரலைச் சொடுக்கித்தான் கூப்பிடுவார். சூப் சூடாக இருந்தால் வாய் வெந்துவிட்டது என்பார். ஆறியிருந்தால் பிணத்துக்குப் படைக்கிறாயா என்பார். சாப்பிட்டு முடித்தவரிடம் "வேற ஏதாவது வேணுங்களா?" என்று கேட்ட பிறகுதான் தட்டை எடுக்க வேண்டும் என்பது ஹோட்டல் முதலாளி போட்ட சட்டம். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் போதும், மனிதருக்கு முகம் கறுத்துவிடும். மற்றதற்கெல்லாம் திட்டோடு போகும், இதற்கு மட்டும் தட்டே பறக்கும்.

இரண்டு பெண்கள் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போன பிறகு அந்த மேசை பெரியக்காவின் தலையில் விழுந்தது. பெரியக்கா என்பது சின்னப் பெண்கள் அவளைக் கூப்பிடுவது. தலைமைச் சமையல்காரர் கூப்பிடுவது 'கரண்டி' என்று. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அவளுக்குத்தான் சிரிப்பு வராது.

போர்க் காலத்தில் அவளுடைய அண்ணன் இதே ஹோட்டலில் சர்வராக இருந்தான். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குண்டு விழ ஆரம்பித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிலவறைக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள். கட்டடத்தின் பின்பாதி எரிந்து இடிந்தது. இடிபாட்டில் கிடைத்தவற்றில் யார் எவர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஹோட்டலின் வெள்ளிக் கரண்டிகளையும் அதன் பிறகு காணோம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பையன் கரண்டிகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என யாரோ கிளப்பிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அன்றைக்குச் செத்தவர்களுக்காக முச்சந்தியில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதில் பாத்திரம் கழுவியவளின் பெயர்கூட இருக்கிறது, அண்ணன் பெயர் இல்லை. அம்மா அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். இப்போது படுத்த படுக்கையாகிவிட்டாள். மகள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "யாராவது ஏதாவது சொன்னாங்களாடி?" என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் கிடைக்கும் என்று நம்பித்தான் பெரியக்கா இங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்தது அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான். அம்மா கண்ணை மூடுவதற்குள் ஒரு வார்த்தையாவது கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் மனசு கிடந்து தவித்தது.

நிலவறை இப்போது வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டுவைக்கும் இடம். இடிந்த பக்கத்தைத் திரும்பக் கட்டியபோது பழைய இரும்புக் கதவை அப்படியே விட்டுவிட்டார்கள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு, தாழ்ப்பாளும் வெளியே மட்டும்தான். அந்தத் தாழ்ப்பாள் நிற்காது. போட்ட கை எடுப்பதற்குள் நழுவிவிடும், சரிந்து தொங்கும் கதவு தானாகத் திறந்துகொள்ளும். அதனால் கதவைச் சாத்தி ஒரு வெங்காய மூட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு வருவது சமையல்கட்டில் எல்லாருக்கும் கைப்பழக்கம். பெரியக்காவுக்குக் கதவுக்கு முன்னால் இருக்கும் அந்தக் குறுகலான நடையில் நிற்கவே பிடிக்காது. யாரோ உட்கார்ந்திருக்கும் இடத்தில் மூட்டையை வைப்பது போல ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசும்.

அன்று சிடுமூஞ்சிக்கு எதுவும் சரியாக இல்லை. ரொட்டி கல் என்றார். கரண்டியில் கறை என்றார். அவள் புதுக் கரண்டி கொண்டுவந்து வைத்தாள். "கழுதைக்கு வேலை குடுத்தா கரண்டி எப்படி விளங்கும்" என்று பக்கத்து மேசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் துடைத்துப் போட்டிருப்பாள். கரண்டி என்ற சொல் நேராகப் போய்த் தைத்தது. அழுதுவிடக் கூடாதே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டாள். வாய்க்கு வந்தது ஹோட்டல் வாசகம் இல்லை. அண்ணன் வீட்டில் அம்மாவுக்குச் சோறு போட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்து இழுத்துக் கேட்பானே, அந்தக் கேள்வி.

"வேற ஏதாவது வேணுங்களா, வெட்கப்படாம சொல்லுங்க..."

தட்டு பறக்கவில்லை. பெரியவரின் கை தட்டின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. முகத்தில் ரத்தம் இல்லை.

"இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

அவள் அண்ணன் என்றாள். இங்கே சர்வராக இருந்தவன் என்றாள்.

அவர் மேசை விரிப்பைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், எதிரே நிற்பவளிடம் என்று இல்லாமல், பேச ஆரம்பித்தார். அன்றைக்கு நிலவறைக்குள் போனவர்களில் அவரும் ஒருவர். அத்தனை பேரையும் உள்ளே தள்ளிவிட்டு ஒரு சர்வர் பையன் வெளியே நின்று கதவைச் சாத்தினான். பயம் வந்தால் அவருக்குக் கோபம் வரும். சாப்பாடு பாதியில் நின்றதற்குக் கத்தினார். தண்ணீர் எங்கே என்று கத்தினார், இதுவும் ஒரு ஹோட்டலா என்று கத்தினார். குண்டுச் சத்தத்துக்கு நடுவே வெளியிலிருந்து "இதோங்க, இதோங்க" என்று அந்தப் பையன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். புகை நாற்றம் உள்ளே வந்தபோது அவனுக்கு இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே கேட்டான், வேற ஏதாவது வேணுங்களா, வெட்கப்படாம சொல்லுங்க என்று.

"வாயை மூடிட்டுப் போய்த் தொலைடான்னு சொன்னேன். அதுக்கப்புறம் சத்தமே இல்லை. போயிட்டான்னு நெனைச்சேன். நான் சொல்லித்தானே போனான்? ஓடிட்டான்னு ஊர்ல பேசினப்போ, சரி, பிழைச்சானேன்னு சும்மா இருந்துட்டேன். ஆனா அந்தக் கேள்வியை எவ கேட்டாலும் எனக்கு அந்த இருமல் காதுல விழுது."

துக்கம் யார் வீட்டில்தான் இல்லை? அதை எச்சில் தட்டோடு சேர்த்து அடுத்தவள் தலையில் ஏற்ற எவருக்கும் உரிமை கிடையாது. இரண்டு பெண்களின் பிழைப்பு இவருடைய காதில் விழுந்த இருமலால் போனது. பெரியக்காவுக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

முதலில் கதவைத் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை, தாழ்ப்பாள் போட்டிருக்கிறான் என்று விட்டுவிட்டோம் என்றார் அவர். தெருப் பக்கத்துக் காற்று ஜன்னலை உடைத்து ஒவ்வொருவராக ஏறி வந்தார்களாம். தெருவில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் பின்பாதி இடிந்து விழுந்ததாம்.

அவள் தட்டை அப்படியே விட்டுவிட்டு, அவர் எழுவதற்காக நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள்.

"எழுந்திருங்க. இதைச் சமையல்கட்டுல வந்து சொல்லுங்க."

அவர் தயங்கினார். திட்டியதையுமா என்றார். அதையும் சேர்த்து என்றாள். சர்வரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தறியாத அந்த மனிதர், ஊன்றுகோலைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

சமையல்கட்டில் வெந்நீர் கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது. பாத்திரம் கழுவும் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர் ஒன்று விடாமல் சொன்னார். போய்த் தொலை என்றதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. கதவைத் தள்ளினோம், தாழ்ப்பாள் போட்டிருந்தது என்றபோது, தலைமைச் சமையல்காரர் அகப்பையைக் கீழே வைத்தார். போர்க் காலத்தில் அவர் இங்கே அடுப்படியில் எடுபிடியாக இருந்தவர், அன்றைக்குக் காய்ச்சல் என்று வராமல் பிழைத்தவர்.

"அந்தத் தாழ்ப்பாள் அப்பவே நிக்காதுங்களே," என்றார். "அப்பவும் மூட்டைதான் முட்டுக் குடுப்போம். உள்ளேருந்து ஆளுங்க தள்ளினா மூட்டை நகர்ந்துடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பெரியக்காவின் பக்கம் திரும்ப முடியாமல், "அப்போ தள்ளினப்ப அசையாம இருந்தது..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டார். பாத்திரம் கழுவும் பெண்கள் நிலவறைப் படியின் பக்கம் திரும்பினார்கள். பெரியவர் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியக்கா படியிறங்கி நிலவறை நடைக்குப் போனாள். முட்டுக் கொடுத்திருந்த மூட்டையை இழுத்துப் போட்டாள். கதவு தானாகத் திறந்தது. அதைச் சாத்தி, முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. மூச்சை விட்டு உடம்பு கொஞ்சம் தளர்ந்ததும் கதவு முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தது. திரும்ப அழுத்தினாள். காலை எதிர்ச்சுவரில் ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டால்தான் அது நின்றது. அவர்கள் தள்ளிப் பார்த்தும் அன்றைக்கு இது அசையவில்லை. மூச்சு இருந்திருந்தால் இதோங்க என்று விலகித் திறந்துவிட்டிருப்பான், ஊன்றிய காலை எடுக்காமலே போயிருக்கிறான்.

அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மேலே ஏதோ ஒரு மேசையில் யாரோ விரலைச் சொடுக்குகிற சத்தம் கேட்டது. சின்னப் பெண் ஒருத்தி, "பெரியக்கா, கூப்பிடறாங்க," என்று படியில் நின்று குரல் கொடுத்தாள். "இதோங்க," என்றாள் பெரியக்கா. சொன்னாளே தவிர, முதுகை எடுக்கவில்லை.